பேட்டரியைக் கெடுத்தது ஜெசி இல்ல

அருளு,

இதை நின்னுக்கிட்டுப் படிக்காத. உட்காரு. கையில காபி இருந்தா கீழ வை. உங்கப்பன் பள்ளிக்கூடத்தை விட்டதுக்கப்புறம் இவ்வளவு நீளமா எதையும் எழுதுனதில்ல. ஃபேக்டரியில முப்பத்தோரு வருசமா நான் எழுதுனதெல்லாம் "ஓகே", "ரிஜெக்ட்"னு ரெண்டே வார்த்தை. அதனால முன்னபின்ன இருக்கும், பொறுத்துக்க. ஆனா விஷயத்தை மொதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா சுத்தி வளைச்சு எங்கயாவது நழுவிருவேன், என்னை எனக்குத் தெரியும். நம்ம கரண்ட் காரோட பேட்டரியைக் கெடுத்தது உன் பொண்டாட்டி இல்ல. நான். தெரியாத்தனமா இல்ல, தெரிஞ்சே, திட்டம் போட்டு, ரெண்டு மாசம் வேலை மெனக்கெட்டுக் கெடுத்தேன். அந்தப் பழியைத் தூக்கி அவ தலையில வச்சதும் நான்தான்.

ஏன் இப்போ சொல்றேன்னு கேப்ப. போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, நீங்க புனேவுக்குக் குடிபோறதுக்காக உங்கம்மா பிரியாணி போட்டாளே, அந்தச் சாப்பாடுதான் காரணம். மாமன், அத்தை, பசங்கன்னு கூடம் நிறைய ஆளுங்க. உன் மாமன் கேட்டான், "அவ்வளவு தூரம் காரை ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவீங்களாப்பா?"ன்னு. நீ சொன்ன: "ஜெசிகிட்ட ஸ்டீரிங்கைக் கொடுத்தா பெங்களூரு தாண்டறதுக்குள்ள பேட்டரியைக் கொன்னுருவா மாமா." எல்லாரும் சிரிச்சாங்க. உங்கம்மா புரையேறுற அளவுக்குச் சிரிச்சா. நானும் சிரிச்சேன்டா. ஜெசி தயிர்ப்பச்சடிப் பாத்திரம் காலியாகாமயே அதை எடுத்துக்கிட்டு உள்ள போனா. அவ போறதை நான் பார்த்தேன், பார்த்துக்கிட்டேதான் சிரிச்சேன். கை கழுவப் போனவன் கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்தேன். சீ, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு இருந்துச்சு.

இதை நீ படிச்ச பிறகு நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல நானே போடப்போறேன். அன்னைக்குச் சிரிச்ச ஒரு ஆள் விடாம எல்லாரும் படிக்கணும். அதனால உனக்குத் தெரிஞ்சதையும் சேர்த்தே சொல்லிட்டு வரேன்.

கார் வாங்குன புதுசுல நீ கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிட்டிருந்த. நம்ம ஓசூர் மத்திகிரியில இருந்து போக வர நூத்திப்பத்து கிலோமீட்டர். மூணு வருசம் நீ ஓட்டுன. அப்புறம் உனக்கு பெங்களூருல வேலை, கம்பெனி பஸ் வாசலுக்கு வருது. கல்யாணமாகி வந்த ஜெசிக்குக் கிருஷ்ணகிரி ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலை. அதனால அதே ரோட்டுல அதே காரை அவ எடுத்தா. வாரண்டி எட்டு வருசம், இல்லன்னா ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர், எது முந்துதோ அதோட சரி. அதுக்குள்ள பேட்டரியோட சக்தி எழுபது சதவீதத்துக்குக் கீழ போனா கம்பெனிக்காரன் மாத்திக் கொடுப்பான். எழுபதுக்கு மேல இருந்தா, எழுபத்தி ஒண்ணா இருந்தாலும், வாய்ப்பே இல்ல. நம்ம காருக்கு அஞ்சு வருசம்தான் ஆச்சு, ஆனா கிலோமீட்டர் ஒண்ணரை லட்சத்தைத் தொட்டுருச்சு.

போன மாசி மாசம் ஜெசி ஒரு நாள் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்குனா. ஏம்மான்னு கேட்டேன். "ஏசி போட்டா வீடு வந்து சேராது மாமா. கிருஷ்ணகிரியில இருந்து மேல ஏறி வரும்போது சார்ஜ் தண்ணியா இறங்குது"ன்னா. எனக்குக் கவலையாத்தான் இருந்துச்சு, அது நிஜம். என்னோட வேலை பார்த்து ரிட்டையர் ஆன பாஷா பாய் இப்போ கரண்ட் டாக்சி ஓட்டறாரில்ல, அவரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்டீரிங்குக்குக் கீழ சின்னதா ஒண்ணைச் சொருகி போன்ல பார்த்துட்டு, "எழுபத்து நாலு"ன்னார். "இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர்தான் வாரண்டி. அதுக்குள்ள இது எழுபத்து மூணுக்கு வரும். அவ்ளோதான். அப்புறம் உங்க பாடு." என்ன பண்ணலாம் பாய்ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "முழுசா சார்ஜ் ஏத்தி வெயில்ல போட்டு வறுத்தெடுங்க, தானா இறங்கும்"னார். அவர் விளையாட்டுக்குச் சொன்னது. அவர் மேல ஒரு குத்தமும் இல்ல, அதை இங்கயே எழுதி வச்சிடறேன். விளையாட்டை வினையாக்குனது நான்.

ஸ்கூல் லீவு விட்டாங்க. ஜெசி வீட்டுல இருக்கா, கார் சும்மா நிக்குது. ஓசூர் வெயில் ஒரு வெயிலா? நம்ம ஊருல மத்தியானம் நாலு மணிக்கு மேகம் மூடி சிலுசிலுன்னு காத்து வந்துரும். வறுக்கணும்னா கிருஷ்ணகிரிப் பக்கம் கீழ இறங்கணும். அதனால உங்கம்மாகிட்ட, "நாகரசம்பட்டி பக்கம் தோப்புலயே மாம்பழம் மலிவா கிடைக்குது, போயிட்டு வரேன்"னு சொல்லிட்டுக் கிளம்புவேன். கிருஷ்ணகிரியில ஹைவே மேல இருக்கற ஃபாஸ்ட் சார்ஜர்ல மாட்டி நூறு வரைக்கும் ஏத்துவேன். எண்பதுக்கு மேல அது லேசுல ஏறாது, ஆமை மாதிரி போகும். பின்னாடி நிக்கிற கர்நாடகா வண்டிக்காரன், "எஷ்டு ஹொத்து அங்கிள்?"னு கேப்பான். இன்னும் எவ்வளவு நேரம்னு. "ஆயித்து, ஆயித்து"ம்பேன், முடிஞ்சுதுன்னு. ஆனா நகர மாட்டேன். அப்புறம் தோப்பு ஓரமா, நிழல் இல்லாத இடமாப் பார்த்து, தேடிப் பார்த்து, வண்டியை நிறுத்திட்டு மாமரத்தடியில நான் போய்ப் படுத்துக்குவேன். வண்டி வெயில்ல, நான் நிழல்ல. சாயந்தரம் ஏசியை முழுசாப் போட்டுக்கிட்டு, சார்ஜ் தீரப்போகுதுன்னு வண்டி ஆமைப் படத்தைக் காட்டி மிரட்டற வரைக்கும் அங்கயே சுத்திட்டு, மறுபடி சார்ஜர்.

ரெண்டு மாசத்துல இருபது தடவைக்கு மேல போயிருப்பேன். அந்த வருசம் நம்ம வீட்டுல எத்தனை மாம்பழம், ஞாபகம் இருக்கா? கட்டிலுக்கு அடியில, பீரோ மேல, குளியலறைத் திண்டுல கூட மாம்பழம். எதிர்வீடு, பக்கத்து வீடு, கோயில் பங்குச்சாமின்னு எல்லாருக்கும் கொடுத்தோம். நீ கூட, "ரிட்டையர் ஆன பிறகுதான் அப்பாவுக்குக் குடும்பத்து மேல பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது"ன்னு கிண்டல் பண்ணுன. எனக்குப் பெருமையா வேற இருந்துச்சு. பாய் சொருகுன மாதிரியே நானும் ஒண்ணை வாங்கி வச்சிருந்தேன். போன்ல எழுபத்து மூணு, எழுபத்து ரெண்டுன்னு இறங்க இறங்க, பரீட்சையில மார்க் வாங்குற மாதிரி ஒரு சந்தோஷம். ஒரு நல்ல பொருளைக் கெடுக்கறோமேன்னு ஒரு தடவை கூடத் தோணல. வாழ்க்கை பூரா கெட்டதை நல்லதுல இருந்து பிரிச்சுப் போட்டதுக்குச் சம்பளம் வாங்குனவன் நான்.

ஜெசி ஒரு தடவை கேட்டா. வீட்டுக்கு முன்னாடி நூறு காட்டிக்கிட்டு வண்டி வெயில்ல நிக்குது. "மாமா, எண்பதோட நிறுத்தலாமே? தகர ஷெட்டுக்கு அடியில விட்டா நல்லது"ன்னா. ஃபிரிட்ஜ் மேல அவ ஒட்டி வச்சிருந்த சீட்டு உனக்கு ஞாபகம் இருக்கா? இருபதுக்குக் கீழ விடக்கூடாது, எண்பதுக்கு மேல ஏத்தக்கூடாது, ஏத்துனா வெயில்ல நிறுத்தக்கூடாதுன்னு அவ கையெழுத்துல இருந்துச்சே. நம்ம வீட்டுல பேட்டரியை எப்படிப் பார்த்துக்கணும்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு எல்லாம் தெரியும்மா, நீ போய் வேலையைப் பாரு"ன்னேன். மறுநாள் பல் விளக்கறதுக்கு முன்னாடியே அந்தச் சீட்டையும் கிழிச்சுப் போட்டுட்டேன், யாராவது படிச்சுட்டு என்னைக் கேள்வி கேப்பாங்களோன்னு.

ஜூன் பிறந்ததும் அறுபத்து ஒன்பது காட்டுச்சு. எனக்குத் தலைகால் புரியல. வாரண்டிக்கு இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் பாக்கி. ஆர்.சி. உன் பேருல இருக்கு, உனக்கு லீவு கிடைக்கல, அதனால நீ ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்து ஜெசியை என்கூட அனுப்புன. ஓசூர்ல சர்வீஸ் சென்டர். அங்க இருந்த தம்பி சேலத்துப் பக்கம் போல, மரியாதையானவன். காரைக் கம்ப்யூட்டர்ல மாட்டி ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து எங்க முன்னாடி வச்சான். "சார், இந்த வண்டி எல்லாத்தையும் எழுதி வச்சுக்கும். எப்போ சார்ஜ் போட்டீங்க, எவ்வளவு ஏத்துனீங்க, எத்தனை மணி நேரம் எவ்வளவு சூட்டுல நின்னுச்சு, எல்லாமே இதுல இருக்கு. கிருஷ்ணகிரி சைடுல டெய்லி மாதிரி நூறு வரைக்கும் ஏத்தி மத்தியானம் பூரா வெயில்ல நின்னிருக்கு. சுத்தமா இறங்குற வரைக்கும் ஓடியிருக்கு. இது தெரியாம நடந்துச்சா, வேணும்னே பண்ணுனதா? வேணும்னே பண்ணியிருந்தா கிளெய்ம் ரிஜெக்ட் ஆயிரும் சார்."

ரிஜெக்ட். முப்பத்தோரு வருசம் நான் மத்தவங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. "நான்தான் தம்பி"ன்னு ஒரே வார்த்தை சொல்லியிருக்கணும். சொன்னா பேட்டரி போச்சு, உன்கிட்ட என் மானம் போச்சு. வாய் கூசாம சொன்னேன்: "நான் வண்டியைத் தொடறதே இல்லப்பா. இதோ மருமகதான் டெய்லி கிருஷ்ணகிரி ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறா. வாசல்ல வெயில்ல விட்டுட்டு உள்ள போயிருவா. லேடீஸ்தானே, அவங்களுக்கு இந்த விவரமெல்லாம் எங்க தெரியும்?"

ஜெசி என் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தா. என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபமாப் பார்த்திருந்தா எனக்கும் ரோஷம் வந்திருக்கும். இல்லடா. போர்டுல ஒரு புள்ள கணக்கைத் தப்பாப் போடும்போது, அவனே திருத்திக்குவான்னு டீச்சர் சும்மா நின்னு பார்ப்பாங்களே, அப்படிப் பார்த்தா. நான் திருத்திக்கல. மேஜை மேல இருந்த பேனா ஸ்டாண்டை நகர்த்தி நேரா வச்சேன். அவ அந்தத் தம்பி பக்கம் திரும்பி, "ஆமா சார், நான்தான். எனக்குத் தெரியல"ன்னா. அப்படின்னா எழுதிக் கொடுங்க மேடம்னான். எழுதுனா. "வெயிலில் நிறுத்தினால் பாதிப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. இனி கவனமாக இருப்பேன்." அந்த முத்து முத்தான கையெழுத்துல, கீழ பேரு, கையெழுத்து. எனக்கு அப்போ வந்தது வெட்கம் இல்ல, நிம்மதி. அதைச் சொல்லத்தான் இப்போ நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

திரும்பி வரும்போது அவதான் ஓட்டுனா. ஏன் மாமா அப்படிச் சொன்னீங்கன்னு கேப்பா, கேட்டா என்ன சொல்றதுன்னு நான் மனசுக்குள்ள வார்த்தை தேடிக்கிட்டே வந்தேன். மத்திகிரி மாட்டுப்பண்ணை கிட்ட டிராஃபிக்ல நிக்கும்போது, "தண்ணி குடிக்கிறீங்களா மாமா?"ன்னு பாட்டிலை நீட்டுனா. வாங்கிக் குடிச்சேன்.

அன்னைக்குச் சாயந்தரம் நீ வந்து அந்தப் பேப்பர்களைப் பார்த்துட்டுப் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கல. "கணக்கு டீச்சராம்! நீயே சீட்டு எழுதி ஒட்டிட்டு நீயே அதைப் பண்ணலையாடி?"ன்ன. "ஊருக்குப் பாடம் எடுக்கறதுக்கு முன்னாடி நீ படி"ன்ன. புது பேட்டரி வந்தாலும் அதுக்குத் தனி வாரண்டி கிடையாது, பழைய கணக்குதான் தொடரும், இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டரோட முடிஞ்சுது, இன்னொரு தடவை கெடுத்தா நாமதான் வாங்கணும்ன. அதுல தப்பில்ல. அதுக்கு மேல சொன்னதுதான் தப்பு. "இனிமே நீ இந்தக் காரைத் தொடவே வேண்டாம்"ன்ன. நான் கூடத்துல உட்கார்ந்திருந்தேன். நடுவுல எழுந்து வந்திருக்கணும். டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன். ஏதோ மிளகாய்த்தூள் விளம்பரம் ஓடிட்டிருந்துச்சு. அதைக் கண்ணு கொட்டாமப் பார்த்தேன்.

அப்புறம் அவ பஸ்ல போனா. காலையில ஆறேகாலுக்கு டவுன் பஸ், ஓசூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி கிருஷ்ணகிரி பஸ், நின்னுக்கிட்டே பயணம். சாயந்தரம் வீடு வர ஏழாகும். வந்ததும் சமையக்கட்டு. விடைத்தாள் கட்டை மடியில வச்சுக்கிட்டே தூங்கி வழிவா. அதே நேரத்துல இங்க உங்கப்பன் புது பேட்டரி போட்ட கார்ல, ஏசி போட்டுக்கிட்டு, மார்க்கெட்டுக்குத் தக்காளி வாங்கப் போயிட்டிருந்தான். ஒரு நாள் மழை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு வாசல்ல அவ புடவை முந்தானையால தலையை மூடிக்கிட்டு நிக்கறதை நான் கார்ல இருந்து பார்த்தேன். நிறுத்தி ஏத்திக்கலாம்னு இண்டிகேட்டர் போட்டேன். ஏத்துனா பக்கத்துல உட்காருவாளே, என்ன பேசறதுன்னு நினைச்சு இண்டிகேட்டரை அணைச்சுட்டு வந்துட்டேன். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி அவ வேலையை விட்டா. இடுப்பு வலி தாங்கலன்னா. நீ அதுக்கும், "நல்லதுதான், ரெஸ்ட் எடு"ன்ன. அவளுக்குப் பாடம் எடுக்கறதுன்னா உசுருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதுல உச்சக்கட்டம் ஒண்ணு இருக்கு. பேட்டரி மாத்தின அன்னைக்குக் காரை எடுக்க நான் மட்டும் போனேன். உள்ள வேலை பார்த்த டெக்னீஷியன் சொல்றான்: "சார், பழைய பேட்டரியில ஒரு மாட்யூல் ஆரம்பத்துல இருந்தே வீக். மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட். எழுபது, அறுபதுங்கற கணக்கே இதுக்குத் தேவையில்ல. சார்ஜ் வேகமா இறங்குதுன்னு ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதியிருந்தாலே மாத்திக் கொடுத்திருப்பாங்க." புரியுதாடா? ஜெசி அன்னைக்கு வேர்த்து வந்து இறங்கி என்கிட்ட என்ன சொன்னாளோ, அதை அப்படியே சர்வீஸ் சென்டர்ல போய்ச் சொல்லியிருந்தா போதும். அவ பேச்சைக் கேட்டிருந்தா போதும். நான் என்னமோ பெரிய விவரமானவன் மாதிரி இருபது தடவை மாம்பழம் வாங்கப் போனேன். அன்னைக்காவது வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். இப்போ சொன்னா முட்டாள்னும் ஆயிரும், பொய்யன்னும் ஆயிரும், ரெண்டும் சேர்ந்து எதுக்குன்னு விட்டுட்டேன்.

கோயில்ல பங்குச்சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன், அதையும் சொல்றேன், சிரிக்காத. "சாமி, ஒரு பொய் சொல்லிட்டேன்"னேன். மனசார வருத்தப்படுறீங்களான்னு கேட்டார். ஆமாம்னேன். மூணு தடவை அருள் நிறைந்த மரியே சொல்லுங்கன்னார். யார் மேல சொன்ன பொய், அதனால யாருக்கு என்னாச்சுன்னு அவர் கேக்கல. நானும் ஜாக்கிரதையா சொல்லல. ஆண்டவர்கிட்டயே பாதியை மறைச்சு பில் பாஸ் பண்ணப் பார்த்தேன். மாம்பழம் வாங்குன சாமி ஆச்சே, குரல் கண்டுபிடிச்சுருவாரோன்னு வேற பயம்.

நீ ஆறாவது படிக்கும்போது பக்கத்து கௌடா வீட்டு மொபெட்டைக் கீழ தள்ளி லைட்டை உடைச்சுட்டு, காத்துல விழுந்துச்சுன்னு சொன்ன. உன்னைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்து நிக்கற வரைக்கும் காத்திருந்து, அவங்க கன்னடத்துலயே தப்பு என்னோடதுன்னு சொல்ல வச்சேன். நீ அழுதுக்கிட்டே சொன்ன. "உண்மையைச் சொல்றவன் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லடா"ன்னு வர்ற வழியில பிரசங்கம் வேற. இப்போ சொல்றேன், அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, கோயில்ல நீ மொத தடவை நற்கருணை வாங்குன புதுநன்மைக்குத் துணி எடுக்கப் போற அவசரத்துல ஒரு பெட்டி பார்ட்ஸை நான் அளந்து பார்க்காமயே ஓகே போட்டுட்டுக் கிளம்பிட்டேன். அது கஸ்டமர்கிட்ட இருந்து திரும்பி வந்துருச்சு. விசாரிச்சாங்க. "பேக்கிங்ல கலந்துருச்சு போல"ன்னேன். பேக்கிங்ல கல்லாவிப் பக்கத்துல இருந்து வந்து கான்ட்ராக்ட்ல வேலை பார்த்த ஒரு பொண்ணு. திங்கட்கிழமையில இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பொண்ணு பேரு எனக்கு ஞாபகம் இல்ல. எத்தனையோ நாள் யோசிச்சுப் பார்த்துட்டேன், வரல. உன்னை நிக்க வச்ச வாசல்ல நான் ஒரு நாளும் நின்னதில்ல. திருப்பிப் பேச முடியாதவங்களாப் பார்த்துத்தான் என் கை நீண்டிருக்கு, அன்னைக்கும் சரி, ஜூன்லயும் சரி.

முந்தாநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அதே தம்பி. நடந்ததை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "சார், கேஸ் எப்பவோ குளோஸ் ஆயிருச்சு, ஏன் சார் வம்பை விலைக்கு வாங்கறீங்க?"ன்னான். மருமக எழுதுனது பொய், அது ஃபைல்ல இருக்கக் கூடாதுன்னேன். அதை எடுக்க முடியாது, இதையும் கூடச் சேர்த்து மேல அனுப்பறேன்னான். மேல இருந்து என்ன வரும்னு தெரியாது. பேட்டரிக்கு விலை கேட்டாலும் கேப்பாங்க. கேட்டா அது என் பாடு, உன் பாடு இல்ல. இதையெல்லாம் நல்லவன்னு பேரு வாங்கச் சொல்லல. ஏழு மாசம் கழிச்சுப் போனவனுக்கு என்ன பேரு?

இன்னைக்குக் காலையில நீ சாமான் ஏத்தற லாரிக்காரனைப் பார்க்கப் போனப்போ ஜெசிகிட்ட போனேன். சமையக்கட்டுல கீழ உட்கார்ந்து டம்ளரை எல்லாம் பேப்பர்ல சுத்திட்டிருந்தா. வாசப்படியில நின்னு, "அம்மா ஜெசி, நான் உனக்குப் பண்ணுனது பெரிய துரோகம்மா. அருளுக்கு எல்லாத்தையும் எழுதப்போறேன். என்னை மன்னிச்சுரு"ன்னேன். அவ, "வேண்டாம் மாமா. ஊரை விட்டுப் போற நேரத்துல எதுக்கு? அவர் உங்களைப் பெருசா நினைச்சிட்டிருக்கார், அப்படியே இருக்கட்டும்"னா. இல்லம்மா, எழுதத்தான் போறேன்னேன். கையில இருந்த டம்ளரைச் சுத்தி முடிச்சா. அப்புறம் சொன்னா, அவ சொன்னதை அப்படியே எழுதறேன், ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல.

"உங்க மேல கோவம் இருந்துச்சு மாமா. ரெண்டு மாசம் இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு. நீங்க பயந்துட்டீங்கன்னு புரிஞ்சுது. ஆனா அந்தப் பிரிண்ட்ல தேதி இருந்துச்சே. எல்லாம் ஏப்ரல், மே. அப்போ ஸ்கூலே கிடையாது, நான் வீட்டுல இருந்தேன், அது அவருக்கும் தெரியும். அந்தப் பேப்பர் அவர் பையில ஒரு வாரம் இருந்துச்சு. பார்ப்பார், வந்து கேப்பார்னு இருந்தேன். 'ஜெசி, நிஜமாவே நீயா?'ன்னு. ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவர் கேக்கவே இல்ல மாமா." இதைச் சொல்லும்போதுதான் அழுதா. நான் பொய் சொன்னப்போ அழாதவ.

பொய் சொன்னவன் நான். அதுல உனக்குப் பங்கு கொடுத்து என் பாரத்தைக் குறைச்சுக்க இதை எழுதல. என்னைத் திட்டணும்னா திட்டு, பேசாம இருக்கணும்னா இரு, உன் இஷ்டம், அதுக்கெல்லாம் நான் தயாராத்தான் இருக்கேன். ஆனா என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அவகிட்ட போ. சாரின்னு சொல்லி முடிச்சுராத, அது ரொம்ப சுளுவு. அவ காத்திருந்த கேள்வியைக் கேளு. பதில் தெரிஞ்சுருச்சேன்னு விட்டுராத, அப்பா எழுதிட்டாரேன்னு விட்டுராத. "ஜெசி, நிஜமாவே நீயா?"ன்னு உன் வாயால கேட்டுட்டு, அவ பக்கத்துல உட்காரு. உடனே பேச மாட்டா. ஏழு மாசம் ஆயிருச்சில்ல. அவ பேசற வரைக்கும் எழுந்திரிக்காத.

அப்பா